கழற்றிய ஸ்டியரிங் மோட்டார் இன்னமும் சுழல்கிறது: உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

கல்லடிக்காரன்:

மூன்று மாதமாக மனதைக் குடைகிறது, எழுதிவிடுகிறேன். ஆடி அமாவாசை, மட்டக்களப்பு மாமாங்கம் கோயில். தீர்த்தம் முடிந்து சனம் கலைகிற நேரம். அம்மாவும் பெரியம்மாவும் பின்சீட்டில். அமிர்தகழி ஒழுங்கைக்குள் காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினேன். பாதித் திருப்பத்தில் ஸ்டியரிங்கில் பிழை என்று காட்டும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கச்சான் விற்கிற ஆச்சியின் தட்டுக்கும் என் பம்பருக்கும் இடையில் ஒரு சாண். நான் இரண்டு கையாலும் தொங்குகிறேன். ஆச்சி தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆறுதலாக எடுங்கள் மகன், கச்சான் எங்கேயும் ஓடாது" என்றார்.

கராஜில் ஸ்கேன் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்ப நம் கைக்கு உதவுகிற மின்மோட்டார்தான் பழுது என்றார்கள். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்து, இரவு பஸ்ஸில் பொதி வந்தது. ஜப்பானில் கழற்றிய பழைய சாமான், 48,000 ரூபா, பூட்டுக்கூலி வேறு. அன்றிலிருந்து ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம்.

என் குடைச்சல் அதுவல்ல. கழற்றிய மோட்டாரை டிக்கிக்குள் போட்டுத் தந்திருந்தார்கள். போன ஞாயிறு அதன் இரண்டு தடித்த வயர்களையும் ஒரு பற்றரியில் தொட்டுப் பார்த்தேன். சீமெந்துத் தரையில் தவளை மாதிரி எழும்பிப் பாய்ந்தது! காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தொட்டேன். அழகாகச் சுழல்கிறது. அன்று மோட்டார் பூட்டிய பையன் பொனட்டைத் திறந்து, பற்றரியைக் காரின் உடம்போடு இணைக்கும் எர்த் வயரில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி இறுக்கியதையும் என் கண்ணால் கண்டேன். அப்படியென்றால் பிழை அந்த வயரில்தானோ, 48,000 ரூபாவை எதற்குக் கொடுத்தேன்?

நிந்தவூர் சாரதி:

காக்கா, உங்களுக்கு மோட்டார் மட்டும். எனக்கு ஸ்டியரிங் தண்டோடு சேர்த்து முழுத்தொகுதியையும் மாற்றினார்கள். அடுத்த நாள் காலை சம்மாந்துறை வெளி, இரண்டு பக்கமும் வயல், நேரான பாதை, பக்கத்தில் வாப்பா. கையை இலேசாகத்தான் வைத்திருந்தேன். ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் போகிறது. நேராக்கிப் பிடித்தேன். கையைத் தளர்த்தினால் மறுபடியும் வாய்க்கால் பக்கம். கயிற்றில் கட்டிய மாட்டுக்கன்று இழுப்பது மாதிரி ஒரு இழுவை. "என்னடா, காருக்கு வயல் வேலை ஞாபகம் வந்துவிட்டதா?" என்று வாப்பா சிரிக்கிறார், எனக்கு உள்ளங்கை வேர்த்து வழிகிறது.

திரும்பிக் கொண்டுபோனபோதுதான் விசயம் வெளிவந்தது. நம்முடைய கை எந்தப் பக்கம் எவ்வளவு முறுக்குகிறது என்பதை அறிய அந்தத் தண்டில் ஒரு சென்சார் இருக்கிறது அல்லவா, அதற்கு 'இதுதான் பூச்சியம்' என்று கணினி வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். முதல் நாள் அதைச் செய்தபோது கராஜ் பையன் முழங்கையை ஸ்டியரிங்கில் ஊன்றிக்கொண்டு போன் பேசியிருக்கிறான். அவனுடைய முழங்கையின் பாரம் என் காருக்குப் பூச்சியமாகிவிட்டது. இரண்டாவது தடவை சக்கரத்தை நேராக்கி, எல்லோரையும் காரைவிட்டு இறக்கிச் செய்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இன்றைக்கும் நேரான பாதையில் என் இடது தோள் இறுகித்தான் இருக்கும்.

கல்முனை ஓய்வூதியன்:

நான் முப்பது வருடம் வாகனத் தொழில்நுட்பம் படிப்பித்தவன். என் காரிலும் ஒருமுறை மோட்டார் போனது, மாற்றினேன், முடிந்தது. ஆனால் கல்லடித் தம்பி ஒரு தப்பான முடிவுக்குப் போகிறார், அதைச் சொல்லாமல் விட முடியாது.

சும்மா தரையில் சுழல்வது மோட்டார் நல்லது என்பதற்குச் சாட்சியல்ல. நின்ற இடத்தில் டயரைத் திருப்பும்போது இந்த மோட்டார் 30 அம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது 9 அம்பியர் அளவுதான் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் சுமையில்லாமல் நன்றாகவே ஓட்டும், சுமை வந்தால் கைவிட்டுவிடும். இரண்டு தடித்த வயர் என்கிறீர்கள், ஆகவே அது பிரஷ் வைத்த மோட்டார். மூன்று தடித்த வயர் உள்ள பிரஷ் இல்லாத வகை என்றால் பற்றரியில் தொட்டாலும் சுழலாது, அப்போது நீங்கள் நல்ல மோட்டாரையும் செத்தது என்று எறிந்திருப்பீர்கள். சரியான சோதனை இதுதான்: அச்சைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, அங்கிருந்து புறப்படுகிறதா என்று பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் அசையாமல் நின்றால் உங்கள் கராஜ்காரர் பொய் சொல்லவில்லை. முதலில் மோட்டாரை வைஸில் (பட்டறைப் பிடிகருவியில்) இறுக்குங்கள். காலால் அழுத்திப் பிடித்தாராம்! பெருவிரல் போகும்.

எர்த் வயரைச் சந்தேகித்தது நல்ல புத்தி. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு கம்பியைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதைக் காரின் உடம்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட் காட்டினால் எர்த் கெட்டது. இதைக் கழற்றுவதற்கு முன்பு செய்திருக்க வேண்டும். இன்னொன்று, நெரிசலில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு மோட்டார் சூடேறி, காரின் கணினி தானாகவே மோட்டாரின் உதவியைக் குறைக்கும். கொஞ்சம் ஆறினால் சரியாகிவிடும். அதற்கும் மோட்டார் மாற்றிய ஆட்களை எனக்குத் தெரியும். 1988இல் ஜப்பானில் சுஸுகி செர்வோ என்ற சின்னக் காரில் வந்த தொழில்நுட்பம் இது. நம் கராஜ்கள் இன்றைக்கும் ஸ்கேன் கருவி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்கின்றன.

காத்தான்குடி வாசகன்:

48,000 அதிகம். மோட்டார் மட்டும் என்றால் பேரம் பேசியிருக்கலாம்.

செங்கலடி டீச்சர்:

ஐயா, மீட்டர் வைத்துப் பார்க்க எனக்கு யானை நேரம் கொடுக்கவில்லை.

மகா ஓயாவிலிருந்து வந்துகொண்டிருந்தோம், நானும் தங்கையும். அந்த மஞ்சள் விளக்கு அங்கேயே எரியத் தொடங்கிவிட்டது. ஆனால் 50, 60 வேகத்தில் ஸ்டியரிங்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, வீடு வரை போய்விடலாம் என்று வந்தேன். புல்லுமலைக்கு இந்தப் பக்கம், பொழுது சாய்கிற நேரம், பாதையின் நடுவில் ஒற்றை யானை. நிறுத்தினேன். அது காதை விரித்தது. திருப்பிக்கொண்டு ஓட வேண்டும், ஸ்டியரிங் அசைய மறுக்கிறது. தங்கை பக்கத்து இருக்கையிலிருந்து பாய்ந்து வளையத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறாள், நான் மேலிருந்து தள்ளுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து அரைச் சுற்றுத்தான் திருப்பினோம். அவளுடைய வளையல் ஒன்று உடைந்து என் மடியில் விழுந்தது. யானை மண்ணை அள்ளித் தன் முதுகில் போட்டது. எனக்கு அந்த மண் கண்ணாடியில் விழுந்த மாதிரியே இருந்தது. பதற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டேன், கார் மெல்ல உருண்டது. உருண்டதும் ஸ்டியரிங் இளகியது! அப்படியே முன்னும் பின்னுமாக உருட்டி உருட்டித் திருப்பினேன்.

நின்ற டயரைத் திருப்புவதுதான் பாரம், உருள்கிற டயர் இலேசு. இந்த ஒரு வரியை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கராஜ்காரர்கள் ஆளுக்கொரு பிழை சொல்வார்கள், மோட்டார் செத்தால் வீடு போய்ச் சேர்வது எப்படி என்று சொல்ல மாட்டார்கள்.

கல்முனை ஓய்வூதியன்:

மகள், விளக்கு எரிந்த பிறகு காட்டுப் பாதையில் வந்ததே பிழை. மகா ஓயாவிலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மறுபடி இயக்கிப் பார்த்திருக்க வேண்டும். சில வேளை அதோடு விளக்கு அணைந்துவிடும்.

செங்கலடி டீச்சர்:

மூன்று தடவை செய்தேன் ஐயா.

கல்லடிக்காரன்:

ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். வைஸ் இல்லை, மச்சானின் தச்சுப் பட்டறையில் மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கினோம். அச்சில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பன்னிரண்டு நிலையில் நிறுத்தி நிறுத்தித் தொட்டேன். பத்து நிலையில் பாய்ந்து புறப்பட்டது. பக்கத்துப் பக்கத்து இரண்டு நிலையில் முனகல்கூட இல்லை. விரலால் இலேசாகத் தட்டிவிட்டால் ஓடுகிறது.

ஆகவே பையன் சரி. நேற்றே போய் அவனிடம் சொல்ல நினைத்து, கராஜ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அவனைப் பற்றி இங்கே எழுதியதை அவன் வாசித்திருப்பானோ என்று ஒரு கூச்சம். ஆனால் எர்த் வயரில் இருந்த பச்சையை அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுரண்டினானே, அதை மட்டும் கேட்கத்தான் போகிறேன்.