பழைய நிலக் கணக்கேட்டின் பின்னக் குறிகள்: தட்டச்சு, தேடல், கூட்டல்

கேள்வி:
நிலக் கணக்கேடு ஒன்றைத் தட்டச்சு செய்கிறோம். கால் (1/4) குறிக்கு ‘வ’, மா (1/20) குறிக்கு ‘ப’ என்று உருவம் ஒத்த எழுத்தையே இதுவரை போட்டாயிற்று. கால் எங்கெங்கே வருகிறது என்று தேடினால் எல்லா வகரமும் வந்து நிற்கிறது. சரியான குறியைப் போட்டாலோ எங்கள் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் ஏற்பதில்லை. கூட்டலும் வேண்டும்.

மறுமொழி 1:
பின்னக் குறிகள் 2019 மார்ச்சில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு தரத்தின் 12.0 பதிப்பில் சேர்ந்தன. அந்த எண்கள் பதின்மத்தில்: முந்திரி (1/320) 73664, மா 73672, கால் 73680. ௰ (10), ௱ (100), ௲ (1000) மூன்றும் பழைய தமிழ்த் தொகுதியிலேயே உள்ளன (3056 முதல் 3058 வரை). அவற்றுக்கு ய, ள போட வேண்டாம். 1825 என்பது ௲௮௱௨௰௫. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் எழுத்துருவை நிறுவுங்கள். போட்டதை ஒரே கட்டளையில் மாற்றிவிடாதீர்கள். பெயர்களில் உள்ள வகரமும் காலாகிவிடும்; அளவு வரும் இடங்களை ஏட்டோடு ஒப்பிட்டே மாற்றுங்கள்.

மறுமொழி 2:
எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தப் பின்னக் குறி ஒவ்வொன்றும் 4 பைட். மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ 3 பைட்டோடு நின்றுவிடும். பிழையான தரவை மறுக்கும் கண்டிப்பு முறை (strict mode) அணைந்திருந்தால் குறி முதல் மீதி வரியே வெட்டுப்படும். அட்டவணை, இணைப்பு இரண்டையும் ‘யூடிஎஃப்8எம்பி4’ ஆக்குங்கள். எழுத்துகளை ஒப்பிடும் முறை (collation) ‘பின்’ (bin) ஆக இருக்கட்டும். ‘ஜெனரல் சிஐ’ (general_ci) என்ற முறை இந்தக் குறிகளை எல்லாம் ஒன்றாகவே எண்ணும். மாவைத் தேடினால் காணியும் (1/80) வரும்.

மறுமொழி 3:
கூட்டலுக்குத் தசமம் வேண்டாம். 1/20, 1/80 இரும எண்ணில் துல்லியமாக அடங்கா. எல்லாவற்றையும் முந்திரியாக்கி முழு எண்ணாகச் சேமியுங்கள்: காணி 4, கால்வீசம் (1/64) 5, மா 16, வீசம் (1/16) 20, கால் 80, முக்கால் 240. முக்காலே மூன்று வீசம் என்றால் 240 + 60 = 300, அதாவது 15/16. கீழ்க் குறி (73684) மட்டும் விலக்கு. யூனிகோடு அதற்கு 1/320 என்று மதிப்புத் தருவதால் நிரல் அதையும் கூட்டிவிடும். அது பின்வரும் பின்னத்தைப் பெருக்க வேண்டியது. கீழ்முந்திரி 1/102400. ஏட்டில் கீழ் வந்தால் அலகை முந்திரியிலிருந்து 1/102400-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தான் நிரல்மொழியில் குறியின் மதிப்பை நேரே எடுக்க 3.8 பதிப்போ அதற்கு மேலோ வேண்டும்.

கேட்டவர்:
மாகாணி, வீசம் இரண்டும் 1/16 தானே? ஒரே குறி போடலாமா?

மறுமொழி 3:
கூடாது. மாகாணி 73673, வீசம் 73674. ஏட்டில் உள்ளபடியே இடுங்கள். அரைக்கும் 73681, 73682 என இரு வடிவம் உண்டு. கணக்கர் எதை எழுதினார் என்பதும் சான்றுதான். மதிப்பு அட்டவணையில் தனி நெடுவரிசையில் இருக்கட்டும்.