ஆத்துல சாக்கடை, கரை ரோட்டுல லைட் இல்ல: பேரூராட்சி மன்றத்துக்கு இதுல என்னதான் பவர்?

கரைமேடு:
வணக்கம்ங்க. ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவுல காவிரிக் கரையோரம் ஒரு பேரூராட்சிங்க நம்மூரு, பேரு வேண்டாம். பிரச்சினை ரெண்டு. ஊருக்குள்ள இருந்து வர்ற பெரிய சாக்கடை படித்துறைக்கு கொஞ்சம் மேக்கால நேரா ஆத்துல விழுகுது. ஆடில தண்ணி பொங்கி வரும்போது ஒண்ணும் தெரியாது, மாசி பங்குனில பார்த்தீங்கன்னா நுரையும் நாத்தமும் நிக்க முடியாது, சில ராத்திரி செவப்பு நீலம்னு கலர்லயே வருது. அடுத்தது அதே கரையோரம் போற ரோடு. ராத்திரில கரும்பு டிராக்டர், செப்டிக் டேங்க் லாரி எல்லாம் பின்னாடி ஒரு ரிஃப்ளெக்டர் கூட இல்லாம போகுது, வளைவுல இருக்கற ரெண்டு லைட்டும் எரியறதே இல்ல. எங்க பெரியப்பா பையன் அங்கதான் பைக்ல போய் டிரெய்லர் பின்னாடி மோதி கால் முறிஞ்சு படுத்துட்டு இருக்கான்.

கவுன்சிலர்கிட்ட போனா "ஆறு பொல்யூஷன் போர்டு பாக்கறது, ரோடு ஹைவேஸோடது, எங்களுக்கு அதிகாரம் இல்ல தம்பி"ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. நெசமாவே அதிகாரம் இல்லீங்களா, இல்ல தட்டிக்கழிக்கறாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாஜி_வார்டு_7:
தம்பி, நான் வேற மாவட்டத்துல ஒரு டேர்ம் கவுன்சிலரா இருந்தவன். உங்க கவுன்சிலர் சொன்னது பாதி உண்மை, அந்த பாதியை வச்சுத்தான் எல்லா ஊர்லயும் வண்டி ஓடுது. ஆறு யாரோடதுன்னா நீர்வளத்துறையோடது. தண்ணி கெட்டுப்போச்சான்னு பாக்கறது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அது 1974 தண்ணீர்ச் சட்டத்துல வர்றது. ரோடு நெடுஞ்சாலைத் துறை. சரி. ஆனா ஆத்துல விழுகுதே அந்த சாக்கடை, அது யாரோடது? பேரூராட்சியோடது. வளைவுல எரியாத லைட்டு? ஊர் எல்லைக்குள்ள இருந்தா பொதுவா அதுவும் பேரூராட்சிதான் போடணும், ரோடு ஹைவேஸ்து ஆனாலும். அப்ப உங்க ரெண்டு பிரச்சினைலயும் பாதி அவங்க ஆபீஸ்லயேதான் இருக்கு.

அதனாலதான் மன்றத்துல ஆத்துத் தண்ணியைப் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. வாரியத்துக்கு கடுமையா ஒரு லெட்டர் எழுதினா, திரும்பி வர்ற முதல் கேள்வி "உங்க கழிவுநீரை எங்க சுத்திகரிக்கறீங்க"ன்னுதான் இருக்கும். சுத்திகரிக்காம சாக்கடையை ஆத்துல விட்டா சாக்கடை வாய்க்கால் ஒண்ணுக்கு மாசம் 5 லட்சம்னு உள்ளாட்சிகள் மேலயே பசுமைத் தீர்ப்பாயம் ஃபைன் சொன்னது, 2020 ஏப்ரல்ல இருந்து கணக்கு. இது எல்லா இஓவுக்கும் (பேரூராட்சி செயல் அலுவலர்) தெரியும், வெளிய சொல்ல மாட்டாங்க. சாயப்பட்டறைக்காரன் பயப்படறது ஒரு பக்கம்னா மன்றம் பயப்படறது இன்னொரு பக்கம், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசாமலேயே ஒத்துப் போயிடறாங்க.

அதிகாரமே இல்லன்னு சொல்றதையும் நம்பாதீங்க. தொழில் உரிமம் குடுக்கறது யாரு, கட்டட அனுமதி யாரு, செப்டிக் டேங்க் லாரிக்கு லைசென்ஸ் யாரு? எல்லாம் அங்கதான். இன்னொண்ணு நெறைய பேருக்குத் தெரியாது, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல உள்ளாட்சி உறுப்பினர்கள் அஞ்சு பேர் வரைக்கும் நியமிக்கலாம்னு அந்த 1974 சட்டத்துலயே இருக்கு. நம்மாளுங்களுக்கு அந்த நாற்காலி ஒண்ணு இருக்கறதே தெரியாது, அப்புறம் எங்க கேக்கறது.

ரோட்டோரம்:
ரோடு சைடு நான் சொல்றேன், ஹைவேஸ் கான்ட்ராக்ட் வேலைல இருந்தவன். முதல்ல அந்த ரோடு எந்த கேட்டகரின்னு கண்டுபிடிங்க, மாநில நெடுஞ்சாலையா, மாவட்ட முக்கியச் சாலையா, இதர மாவட்டச் சாலையான்னு கிலோமீட்டர் கல்லைப் பாத்தாலே ஓரளவு தெரியும், இல்லைன்னா உதவிக் கோட்டப் பொறியாளர் ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்க. இது தெரியாம மனு போட்டா ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்கு ஃபார்வர்டு ஆகியே ஒரு வருஷம் ஓடிடும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். உங்க தம்பி விழுந்ததுக்கு போலீஸ்ல எஃப்ஐஆரோ, புகார் குடுத்ததுக்கு ரசீதான சிஎஸ்ஆரோ போட்டீங்களா? நம்மூர்ல என்ன பண்றாங்க, ஆளு பிழைச்சுட்டா போதும்னு ஜிஎச்ல கட்டு போட்டுட்டு வீட்டுக்கு வந்துடறாங்க. அரசாங்கக் கணக்குல அந்த விபத்து நடக்கவே இல்ல. போலீஸ் ஐராட்னு ஒரு ஆப்ல ஜிபிஎஸ்ஸோட ஏத்தினாத்தான் அந்த வளைவு மேப்ல வரும். பிளாக் ஸ்பாட்னு, அதாவது அடிக்கடி விபத்து நடக்கற இடம்னு அறிவிக்கணும்னா 500 மீட்டர் நீளத்துக்குள்ள 3 வருஷத்துல சாவோ பெருங்காயமோ ஆன விபத்து 5 இருக்கணும், இல்ல 10 பேர் செத்திருக்கணும். தேசிய நெடுஞ்சாலைக்கு வச்ச கணக்குதான், ஆனா மத்த ரோட்டுக்கும் ஆபீஸருங்க இதைத்தான் மனசுல வச்சுப் பாப்பாங்க. கேஸே போடலைன்னா எண்ணிக்கை எங்கிருந்து வரும்.

மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கு, கலெக்டர் தலைவர், எஸ்பி, ஆர்டிஓ, ஹைவேஸ் எல்லாரும் உட்காருவாங்க. கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் 2012ல சுப்ரீம் கோர்ட்ல போட்ட கேஸ்ல, 2017 நவம்பர்ல எல்லா மாவட்டத்துலயும் இந்தக் குழு கட்டாயம் இருக்கணும்னு தீர்ப்பே வந்துருச்சு. கை கால் முறிஞ்சு வர்றவங்களப் பாத்துப் பாத்து வெறுத்துப்போய் ஒரு டாக்டர் கோர்ட்டுக்குப் போன கதை அது, நம்ம பக்கத்துக்காரர்னு சொல்லிக்க பெருமையா இருக்கு. உங்க பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டு அந்தக் குழுவுக்கு அனுப்பட்டும். தனி ஆள் மனுவுக்கும் மன்றத் தீர்மானத்துக்கும் அங்க கிடைக்கற மரியாதையே வேற.

ஒரு வேண்டுகோள், தயவுசெஞ்சு ஊர்க்காரங்களே சிமெண்ட் கொட்டி வேகத்தடை போட்டுடாதீங்க. முறையான வேகத்தடை 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவா ஏறி இறங்கணும், முன்னாடியே போர்டும் பெயிண்டும் இருக்கணும். அரை அடி உயரத்துக்குச் செவுரு மாதிரி போட்டா லைட் இல்லாத ரோட்டுல அதுலயே நாலு பேர் விழுவான்.

சும்மா_வந்தேன்:
இவ்ளோ எழுதி என்னண்ணா, டேங்கர் லாரி ஓனரே கவுன்சிலரோட மச்சானா இருப்பாரு 😂

மாஜி_வார்டு_7:
இருக்கலாம் தம்பி, நம்ம ஊர்ல அதுவும் நடக்கும். அதுக்காகத்தான் எழுத்துல கேக்கச் சொல்றது. வாயால கேட்டா மச்சானுக்குப் போன் போகும், எழுத்துல கேட்டா ஃபைல் நம்பர் விழும்.

குடுவை:
தண்ணி டெஸ்ட் பத்தி யாரும் பேசலையே. நான் லேப்ல இருக்கேன். நீங்களா பாட்டில்ல புடிச்சு டெஸ்ட் பண்ணின ரிசல்ட்டை வச்சு கேஸ் நிக்காது. வாரிய அதிகாரி நோட்டீஸ் குடுத்து, சாம்பிளை ரெண்டாப் பிரிச்சு சீல் வச்சு எடுக்கணும், அதுதான் சட்டப்படி செல்லும். ஆனா அவங்கள வரவழைக்கறதுக்கு உங்க ரிசல்ட் உதவும்.

தண்ணில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் வாங்கி சாக்கடை விழுகற இடத்துக்கு மேலயும் கீழயும் பாருங்க. கீழ திடீர்னு எகிறுதுன்னா சாயத்தண்ணி உப்பா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா மலக்கழிவு கலக்குதான்னு டிடிஎஸ் சொல்லவே சொல்லாது, அதுக்கு குடல் கிருமியைக் கண்டுபிடிக்கற கோலிஃபார்ம் டெஸ்ட்தான். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல காசு கட்டினா பொதுமக்களுக்கும் பண்ணித் தருவாங்க, அவங்க குடுக்கற கிருமி நீக்கின பாட்டில்ல புடிச்சு ஐஸ்ல வச்சு அன்னைக்கே கொண்டுபோய்க் குடுங்க. குளிக்கற துறைக்கு உள்ள அளவு என்னன்னா பிஓடி (தண்ணில இருக்கற அழுக்கு மக்க எவ்ளோ ஆக்ஸிஜன் வேணும்ங்கற அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, கரைஞ்ச ஆக்ஸிஜன் 5க்குக் குறையக்கூடாது, மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு அதிகபட்சம் 2500. சாம்பிள் எப்ப எடுக்கறீங்கங்கறதும் முக்கியம், வழக்கமா ஜூன் 12ல இருந்து ஜனவரி 28 வரைக்கும் மேட்டூர்ல தண்ணி விடுவாங்க, அந்த ஓட்டத்துல எல்லாமே கரைஞ்சு நல்ல ரிசல்ட்டாவே வரும். பிப்ரவரி கழிச்சு எடுங்க, உண்மை தெரியும்.

இது உங்க ஒரு ஊரு கதை இல்ல. 2018ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு பூரா மாசுபட்ட 351 ஆத்துப் பகுதிகள லிஸ்ட் போட்டப்ப மேட்டூர்ல இருந்து மயிலாடுதுறை வரைக்கும் காவிரியே அதுல இருந்துச்சு. ஈரோடு மாநகராட்சி பக்கத்துலயே ஆறு ஓடியும் குடிக்கத் தண்ணியை மேல ஊராட்சிக்கோட்டைல இருந்து குழாய் போட்டுக் கொண்டு வந்தாங்க, ஊருக்குப் பக்கத்துத் தண்ணி அந்த லட்சணத்துல இருந்தது. மேல இருக்கறவன் குழாயை இன்னும் மேல நகர்த்திக்கலாம், கீழ இருக்கற நீங்க எங்க போவீங்க.

கரைமேடு:
எல்லாருக்கும் நன்றிங்க, இவ்ளோ வெவரம் எதிர்பாக்கல. சிஎஸ்ஆர் போடல, பெரியம்மா போலீஸ் ஸ்டேஷன்னா பயப்படறாங்க, பேசிப் பாக்கறேன். ஒரு சந்தேகம், வார்டு மக்கள் கூடிப் பேசற பகுதி சபைன்னு சொல்றாங்களே அதுல கேட்டா ஆகுமா? பக்கத்து ஊராட்சில கிராம சபைல கேக்கலாம்னா அங்க 2025 ஜனவரியோட தலைவர் பதவி முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு, தலைவர்னு ஒருத்தரே இல்ல.

மாஜி_வார்டு_7:
பேரூராட்சில கிராம சபை கெடையாது, பகுதி சபைதான். அங்க கேளுங்க, ஆனா அதோட விடாதீங்க. ரெண்டு விஷயத்தையும் ஒரே மனுல எழுதாதீங்க, ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை மூடிடுவாங்க. லைட்டுக்கு இஓவுக்குத் தனி மனு, சாக்கடைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்குத் தனி மனு, இஓவுக்கு நகல். கவுன்சிலர்கிட்ட சண்டை போடாம, "அண்ணா, நீங்க மன்றக் கூட்டத்துல இதை ஒரு தீர்மானமா கொண்டு வாங்க, பேரு உங்களுக்கே"ன்னு சொல்லுங்க, எலக்‌ஷன் நெனப்பு எல்லாருக்கும் இருக்கும். அதுக்கும் மசியலைன்னா ஆர்டிஐ, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, கடைசி மூணு வருஷ மன்றத் தீர்மானங்கள்ல ஆறு, சாக்கடை, தெருவிளக்கு சம்பந்தமானதோட நகல் மட்டும் கேளுங்க. "ஏன் செய்யல"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதில் சொல்ல வேண்டியதில்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. 30 நாள்ல வரணும்.

ரோட்டோரம்:
@கரைமேடு அந்த வளைவுல பஸ் ஸ்டாப், ஸ்கூல் ஏதாவது இருக்கா?

கரைமேடு:
பஸ் ஸ்டாப் இருக்குங்க. மார்கழி தை மாசத்துல ஆறு மணிக்கே இருட்டிரும், டியூஷன் முடிஞ்ச பசங்க அங்கதான் நிக்கும்.

ரோட்டோரம்:
இதைப் போய் கடைசில சொல்றீங்களே. மனுல முதல் வரியே அதுதான் இருக்கணும். ஸ்கூல் எச்எம்கிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்குங்க, இருட்டினப்புறம் ஒரு போட்டோ எடுத்து வச்சு ரெண்டையும் சேர்த்து திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர் நாள்ல குடுத்துட்டு ரசீதைப் பத்திரமா வச்சுக்குங்க.