முழங்கை ஆபரேஷனுக்குப் பிறகு விரல் மரத்துப்போகிறது

மேலூர்க்காரன்: அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கை எலும்பு உடைந்தது. கம்பி வைத்து ஆறு வாரம் ஆகிறது. கையை முழுதாக நீட்ட முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார் சித்தி. செய்யலாமா?

திருமங்கலம் வாசகர்: நீவ விடாதீர்கள் தம்பி! 2019-ல் எனக்கும் முழங்கைதான். ஊரில் இழுத்து நீவினார்கள். மூட்டைச் சுற்றித் தேவையில்லாத எலும்பு வளர்ந்து கை 90 டிகிரியிலேயே நின்றுவிட்டது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேல்கம்பி எட்டாது, இன்றைக்கும். அம்மா தானாக மடக்கி நீட்டட்டும், பிசியோ சொல்கிறபடி.

செல்லூர் பிசியோ: அந்த இரண்டு விரலுக்கும் போவது அல்னார் நரம்பு. முழங்கையின் உட்புறமாகத்தான் ஓடுகிறது. தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.

மேலூர்க்காரன்: சரி அண்ணே, நாளைக்கே கூட்டிப்போகிறேன். சித்தியிடமும் சொல்லிவிட்டேன்.