தம்பலகாமத்தில் அரிசி ஆலைக்குக் காசு போடலாமா?

கேள்வி: கனடாவில் இருக்கிற மச்சான் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் ஆலை போட என்னையும் பங்கு சேரச் சொல்கிறார், ஊர்ச்சனத்தின் வறுமையும் குறையுமாம். நம்பலாமா?

பதில்: ஆலை மட்டும் போதாது தம்பி. மாசி, பங்குனியில் பெரும்போக (மாரிகாலப் பயிர்) நெல் எல்லாருக்கும் ஒன்றாக வரும், ஈர நெல்லைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, உரக்கடைக் கடனுக்குப் பயந்து கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவார்கள். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கினால்தான் நெல் களஞ்சியத்தில் தாங்கும். முதலில் நெல்லைக் காயவைக்கும் இயந்திரம், அதுதான் உலர்த்தி, ஒன்றைப் போடுங்கள்.

பதில்: கந்தளாய் சீனி ஆலை 1990களில் மூடப்பட்டதை மறந்துவிட்டீர்களா? அரச ஆலைதான், ஆனாலும் அது மூடியதும் கரும்பை விற்கக் கரும்புக்காரருக்கு வேறு வாசல் இருக்கவில்லை. விவசாயிக்கும் பங்கு உண்டா என்று மச்சானிடம் கேளுங்கள்.

கேட்டவர்: சரி அண்ணை, இன்றிரவே கேட்கிறேன். உலர்த்தி என்றதும் அவர் விலையைத்தான் முதலில் கேட்பார்!