நித்யாவுக்கு லேப்டாப்: தேரடி வீட்டார் குழு

பரிமளா, மாலை 6:40
எல்லோருக்கும் வணக்கம். நித்யாவுக்கு பி.காம். இடம் கிடைத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். கல்லூரி சைதாப்பேட்டைப் பக்கம் என்பதால் திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறிப் போய்வர வேண்டும். புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டிலோடு லேப்டாப்பையும் தினமும் தோளில் சுமக்கப் போகிறாள் என்பதால் எடை குறைந்ததாகப் பார்க்கிறோம். 35,000 ரூபாய்க்கு மேல் எங்களால் போக முடியாது. எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபால், மாலை 6:52
மிக்க மகிழ்ச்சி அம்மா பரிமளா. ஒரு வேண்டுகோள்: யாரும் குரல் பதிவு போடாதீர்கள், எனக்குக் காதில் சரியாக விழுவதில்லை. எழுத்தில் இருந்தால் இரண்டு முறை படித்தாவது புரிந்துகொள்வேன். குழந்தைக்கு எந்த வேலைக்கு வேண்டும் என்பதை அவளே முதலில் சொல்லட்டும். துறைமுகத்தில் நான் வேலை பார்த்தபோது, பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் வாங்கிய சாமான் எல்லாம் கிடங்கில்தான் கிடந்தது.

நித்யா, மாலை 7:05
டேலி கணக்கு மென்பொருள், எக்செல், வேர்டு, ஆன்லைன் வகுப்பு, யூடியூப்பில் கணக்குப்பதிவியல் பாடங்கள், இவ்வளவுதான் பெரியப்பா. விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் கிடையாது. ஆன்லைனில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்: எடை 1.1 கிலோ, செலரான் என்4020 பிராசஸர், 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. விலை நம் கணக்குக்கு மிகவும் கீழே வருகிறது, படத்திலும் அழகாக இருக்கிறது. செல்வம் மாமா பார்த்துச் சொல்ல வேண்டும்.

செல்வம், இரவு 8:31
லேப்டாப் பழுதுபார்க்கும் கடையை இப்போதுதான் மூடினேன். நித்யா, அதை வாங்காதே. விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அதாவது நீ சொல்லும் மாடல், பெட்டியிலிருந்து எடுக்கும் அன்றைக்கே தன் எல்லையில் நிற்கிறது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் அந்த 64 ஜிபியில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு, உன் கோப்புகளுக்கு மிஞ்சுவதைவிட உன் அம்மாவின் போனில் அதிக இடம் இருக்கும். இஎம்எம்சி என்பது உள்ளே இருக்கும் மெயின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட ஒரு சேமிப்புச் சில்லு. எஸ்எஸ்டி என்ற தனிச் சேமிப்பு அட்டையை மாற்றுவதுபோல ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி இதைப் பெரியதாக மாற்ற முடியாது. அந்த செலரானுக்கு இரண்டே கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி இரண்டுதான். 2019இல் வந்த சரக்கு.

இப்படிப்பட்ட லேப்டாப்புகள் வாங்கிச் சில மாதங்கள்கூட ஆகாமல் என் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ‘ராம் மட்டும் ஏற்றிக் கொடுங்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். அடிமூடியைத் திறந்து காட்டுவேன்: விரல் நகம் அளவுக்குக் கறுப்புச் சில்லுகள் போர்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ராம் செருகுகிற ஸ்லாட் என்ற ஒன்று எங்கேயும் இருக்காது. அதைப் பார்த்த பிறகு அவர்களும் பேசுவதில்லை, எனக்கும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

அருண், இரவு 8:50
மாமா சொல்வது 4 ஜிபிக்குச் சரி. ஆனால் எடை குறைந்தது எல்லாமே மோசம் என்று ஆகிவிடக் கூடாது. 2023இல் வந்த இன்டெல் என்100 பிராசஸருக்கு நான்கு கோர். 6 வாட் மின்சாரத்துக்கு வடிவமைத்தது என்பதால் சில மாடல்களில் மின்விசிறியே கிடையாது, சூடும் சத்தமும் குறைவு. 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் சேர்த்து 1.2 கிலோவுக்குள் கிடைக்கிறது. பி.காம். மாணவிக்கு இது போதாதா? அலுவலகத்துக்கு நான் தூக்கிப்போவது ஏறக்குறைய 2 கிலோ. சென்ட்ரலில் ரயில் மாறும்போது தோள்பட்டை என்ன சொல்லும் என்பது எனக்குத்தான் தெரியும்.

செல்வம், இரவு 9:14
அருண், அது மோசம் என்று நான் சொல்லவில்லை. டேலிக்கும் வேர்டுக்கும் போதும். ஆனால் இவள் மூன்று ஆண்டு படித்து, அதன் பிறகு சி.ஏ. இன்டருக்கோ எம்.காமுக்கோ போகிறாள் என்றால், அந்த 8 ஜிபி கடைசி வரை 8 ஜிபியாகவே இருக்கும் என்பதைச் சேர்த்து யோசிக்க வேண்டும். லேப்டாப்பை மெலிதாக்க ராமைப் போர்டில் பற்றவைக்கிறார்கள்; உயரம் குறைகிறது, எல்பிடிடிஆர் என்ற குறைந்த மின்சார ராம் வகை என்றால் மின்சாரமும் மிச்சம். ஆகவே அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன், ஆனால் மாற்ற முடியாது. எடை குறைந்ததை வாங்குகிறவர் நாலு வருடம் கழித்து வேண்டியதை இன்றைக்கே முழுதாக வாங்கிவிட வேண்டும், அல்லது ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கிற மாடலைத் தேட வேண்டும். நம் பணத்துக்கு இரண்டாவதுதான் வழி.

பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ரைசன் 3 7320யு என்று ஒன்று விற்கிறார்கள். 7 என்று தொடங்குவதால் புத்தம் புதிது என்று தோன்றும். ஏஎம்டி அந்த வரிசைக்குப் பெயர் வைத்த முறையில் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம், இதில் அது 2. அதாவது 2019இல் வந்த ஜென் 2. ஓடும், ஆனால் அதற்கு எல்பிடிடிஆர்5 மட்டுமே பொருந்தும் என்பதால் ராம் எப்போதும் ஆன்போர்டுதான், அதாவது போர்டில் பற்றவைத்ததுதான். இன்டெல் கோர் ஐ3-1215யு உள்ள 14 அங்குல மாடல்களில் 8 ஜிபி ஆன்போர்டும் ஒரு காலி ஸ்லாட்டும் உள்ளவை இருக்கின்றன. எடை 1.4 கிலோவை ஒட்டி வரும்.

ஜெயந்தி, இரவு 9:20
செல்வம், பழையது ஒன்றைச் செப்பனிட்டு வாங்கினால் என்ன? எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் அலுவலகங்களிலிருந்து வந்த டெல் லாட்டிட்யூட் ஒன்றை வாங்கி நன்றாகவே வைத்திருக்கிறார். பாதி விலைதான் என்றார்.

செல்வம், இரவு 9:38
நல்ல கேள்வி அக்கா. லாட்டிட்யூட் 7490, திங்க்பேட் எக்ஸ்280 போன்றவை நிறுவனங்களுக்காகச் செய்தவை. கீபோர்டும் மூடிக் கீலும் புது மலிவு லேப்டாப்பைவிட உறுதியானவை, எடையும் குறைவு. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது முதலில் பிராசஸரின் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். தெருவில் 6, 7ஆம் தலைமுறைக்கும் ‘விண்டோஸ் 11 போட்டிருக்கிறோம்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். குறுக்கு வழியில் ஏற்றியிருப்பார்கள், நாளைக்கு அப்டேட் நின்றால் கேட்க ஆள் இல்லை. எக்ஸ்280இலும் ராம் ஆன்போர்டுதான் என்பதை மறக்க வேண்டாம். 7490இல் ஸ்லாட் இருக்கிறது.

அடுத்தது பேட்டரி. வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள், உள்ளே பேட்டரி கிழமாக இருக்கும். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இன்றைக்கு முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டிவிடும். முன்னது 42,000 என்றும் பின்னது 27,000 என்றும் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். அந்த அறிக்கையை எடுக்க விடாத கடையிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள்.

கோபால், இரவு 9:50
மடிக்கணினி நிறுவனங்கள் பத்து மணி நேரம் நிற்கும் என்று விளம்பரம் செய்கின்றனவே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

அருண், இரவு 9:58
அப்பா, திரை வெளிச்சத்தைக் குறைத்து ஒரு வீடியோவை மட்டும் ஓடவிட்டு எடுக்கும் கணக்கு அது. நாமே வகுத்துப் பார்க்கலாம்: 42 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, வேலை செய்யும்போது சராசரியாக 7 வாட் இழுத்தால் 6 மணி நேரம். வீடியோ வகுப்பில் கேமராவும் வைஃபையும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல். விளம்பரத்தில் மணி நேரத்தைப் பார்க்காமல் வாட்-மணியைப் பாருங்கள். நித்யாவுக்குக் கல்லூரியில் முழு நாள் ஓட வேண்டும் என்றால் சார்ஜரையும் சுமந்தே ஆக வேண்டும்.

செல்வம், இரவு 10:07
அருண் சரியான இடத்துக்கு வந்தான். எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் சார்ஜரைத் தராசில் வைப்பதில்லை. சாதாரண 65 வாட் அடாப்டரும் தடித்த மூன்று முனை ஒயரும் சேர்ந்து 300 கிராமைத் தாண்டும். சி-டைப் போர்ட்டில் பவர் டெலிவரி முறையில் சார்ஜ் ஏறும் மாடல் என்றால், காலியம் நைட்ரைடு வகை 65 வாட் சார்ஜர் அதில் பாதி எடைக்கும் கீழே வரும். அதே சார்ஜரில் போனும் ஏறும். 1.2 கிலோ லேப்டாப்புக்கும் 1.4 கிலோ லேப்டாப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சார்ஜரிலேயே பெருமளவு ஈடுகட்டிவிடலாம், ஸ்லாட்டையும் இழக்க வேண்டாம். எல்லா சி-டைப் துளையிலும் சார்ஜ் ஏறாது என்பது மட்டும் எச்சரிக்கை. மலிவு மாடல்கள் சிலவற்றில் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டும்தான், சார்ஜுக்குப் பக்கத்திலேயே உருண்டை முனை ஒன்று தனியாக இருக்கும். கடையிலேயே செருகிப் பார்த்துத் திரையின் மூலையில் பிளக் அடையாளம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். என் சார்ஜரை நான் எடுத்து வருகிறேன்.

பரிமளா, இரவு 10:15
தம்பி, குரோம்புக் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாமே?

செல்வம், இரவு 10:18
நல்ல பொருள்தான் அக்கா, 2021க்குப் பிறகு வந்தவற்றுக்குப் பத்து ஆண்டு அப்டேட் தருகிறார்கள். ஆனால் விண்டோஸுக்காக எழுதிய டேலி அதில் நேரடியாக ஏறாது. இவளுக்கு வேண்டாம்.

பரிமளா, இரவு 10:21
அப்படியென்றால் சனிக்கிழமை நீயும் நித்யாவும் போய்ப் பாருங்கள். பில் கட்டாயம் வாங்கு. 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் கேட்காதே, நாளைக்கு வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் வேண்டும்.

(சனிக்கிழமை)

நித்யா, பிற்பகல் 2:10
வாங்கிவிட்டோம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போனோம். ஐ3-1215யு, 8 ஜிபி, ஒரு காலி ஸ்லாட், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குலம், 1.4 கிலோ. முதலில் காட்டிய மாடலில் மாமாவின் சார்ஜரைச் செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் ‘கொஞ்ச நேரம் ஆகும்’ என்றார், மாமா சிரித்துக்கொண்டே பிடுங்கி அடுத்ததில் செருகினார், உடனே பிளக் அடையாளம் வந்தது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால் ஸ்லாட்டை இப்போது நிரப்பவில்லை.

கோபால், பிற்பகல் 2:30
வாழ்த்துகள் கண்ணு. விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, அதை இன்றைக்கே இயக்கிப் பழகு. தங்கிலீஷில் எனக்கு எழுதாதே.

(சில வாரங்களுக்குப் பின்)

நித்யா, இரவு 7:45
மாமா, ஒரு சந்தேகம். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே மணிக்கட்டை லேப்டாப்பின் ஓரத்தில் வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுவென்று இருக்கிறது. கல்லூரியில் அப்படி இல்லை.

செல்வம், இரவு 8:20
உன் லேப்டாப்பின் உடல் அலுமினியம். வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இல்லை, அல்லது நீ போடும் சார்ஜர் இரண்டு முனை வகை. அதனால் அடாப்டரிலிருந்து மிகச் சிறிய கசிவு மின்சாரம் உலோகத்துக்கு வருகிறது. அடாப்டர் நல்லதாக இருக்கும் வரை ஆபத்து இல்லை, ஆனால் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் ஒயர் பெட்டிக்குள்ளேயே அறுந்து கிடப்பது சாதாரணம். அக்கா, எலக்ட்ரீஷியனை ஒரு முறை வரச்சொல்லி எர்த்தைச் சோதித்துவிடுங்கள். அது லேப்டாப்புக்காக மட்டும் இல்லை, கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துத்தான்.

ஜெயந்தி, இரவு 8:34
காசிமேட்டில் எங்கள் வீட்டில் கடல் காற்றால் ஜன்னல் கொக்கியே துருப்பிடிக்கிறது. லேப்டாப்புக்கு என்ன செய்வது, செல்வம்?

செல்வம், இரவு 8:47
ஜன்னலோரம் வைக்காதீர்கள் அக்கா, வேலை முடிந்ததும் பைக்குள் போட்டு வையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து வரும் லேப்டாப்புகளில் அடிமூடி ஸ்க்ரூவின் தலை சிவந்து போயிருக்கும், ஸ்க்ரூடிரைவர் வழுக்கும். நித்யா, உனக்கும் ஒன்று: மெத்தை மேலும் போர்வை மேலும் வைத்து ஓட்டாதே, அடியில் இருக்கும் காற்றுத்துளை அடைந்து மே மாதத்தில் அடுப்பாகிவிடும். பெரும்பாலும் வீட்டில் செருகியே வைத்திருப்பாய் என்றால், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அதன் செட்டிங்கில் இருக்கிறது, போட்டுவிடு. லித்தியம் பேட்டரியைச் சூடும் நூறு சதவீதமும் சேர்ந்துதான் சீக்கிரம் கிழமாக்கும்.

அருண், இரவு 9:02
திரை எப்படி இருக்கிறது நித்யா? இந்த விலையில் 250 நிட்ஸ் வெளிச்சம்தான் கொடுப்பார்கள்.

நித்யா, இரவு 9:09
வீட்டுக்குள்ளும் வகுப்பிலும் குறையே இல்லை அண்ணா. மெட்ரோவில்தான் தேரடியிலிருந்து பாலத்தின்மேல் ஓடும் வரை காலை வெயில் அடித்து ஒன்றும் தெரியாது. புதுவண்ணாரப்பேட்டை தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகுதான் திறக்கிறேன். உட்கார இடம் கிடைத்தால் சைதாப்பேட்டைக்குள் ஒரு டேலி பயிற்சி முடிந்துவிடுகிறது. பை கனக்கிறது என்றால் அது அம்மா வைக்கும் எவர்சில்வர் டப்பாவால்தான்.

பரிமளா, இரவு 9:12
டப்பாவைப் பற்றிப் பேசாதே.

கோபால், இரவு 9:20
ஒன்று சொல்ல மறந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் தெருவில் எத்தனை வீட்டில் தண்ணீர் ஏறியது என்பது நினைவிருக்கும். கல்லூரிக் கோப்புகளின் படி ஒன்றை இணையச் சேமிப்பிலும் ஒன்றைப் பென் டிரைவிலும் வை. மழைக்காலத்தில் லேப்டாப்பைப் பரணில் ஏற்றிவிடு.

நித்யா, இரவு 9:24
இணையத்தில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் பெரியப்பா. பென் டிரைவ் இந்த வாரம் வாங்கிவிடுகிறேன். மாமா, ராம் விலை இறங்கினால் மட்டும் இங்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.