ப்ளூடூத் மைக்ல குரல் பிந்தி வருது, சத்தம் கூட்டினா கூவுது: கோத்தகிரி வீட்டுக்கு கரோக்கே செட்டப் சொல்லுங்க

கோத்தகிரி_கானம்:
ஹால் 14க்கு 12 அடி. சிமென்ட் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், தகரக் கூரைக்கு அடியில பலகை சீலிங். 43 இன்ச் டிவி, ஒரு சவுண்ட்பார், ரெண்டு ப்ளூடூத் மைக் இருக்கு. மைக்கை சவுண்ட்பாரோட சேர்த்தா குரல் பிந்தி வருது, பாட்டோட ஒட்டவே மாட்டேங்குது. மைக்லயே இருக்கிற ஸ்பீக்கர்ல பாடினா பிந்தல, ஆனா சத்தம் பத்தல. கூட்டினா கூவ ஆரம்பிக்குது.

இன்னும் மூணு சந்தேகம். ஆண் குரல் பாட்டை வீட்டம்மா பாடினா பல்லவி சரியா வருது, சரணத்துல மாட்டிக்குது. நீலகிரி படகர்களோட படக (படுகு) பாட்டுக்கு கரோக்கே டிராக் கிடைக்கல. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், அவங்களுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது. பட்ஜெட் 15,000. மாசம் ஒரு சனிக்கிழமை ஊட்டியில ஹோட்டல் கரோக்கேவுக்கும் போறதுண்டு, அதுக்கும் ஏதாவது யோசனை இருந்தா சொல்லுங்க.

குன்னூர்_மிக்ஸர்:
பாட்டு காத்துல வரலாம், குரல் கம்பியிலதான் வரணும். இதைப் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

சாதாரண ப்ளூடூத்ல சத்தம் 150 முதல் 250 மில்லி செகண்ட் பிந்தும். பாட்டு அவ்வளவு பிந்தி வந்தாலும் பரவாயில்ல; ஸ்பீக்கர்ல எப்ப கேக்குதோ அப்பதானே நீங்க கூடப் பாடுறீங்க. ஆனா உங்க குரல் உங்க காதுக்கு 30 மில்லி செகண்ட் பிந்தினாலே உறுத்தும், கூடக் கூட நாக்கு தடுமாறும். அதனால ப்ளூடூத் மைக்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்துடுங்க.

வாங்க வேண்டியது: ரெண்டு மைக் இன்புட்டும் எஃபெக்ட்டும் உள்ள சின்ன மிக்ஸர் ஒண்ணு, டைனமிக் மைக் ரெண்டு (பெரிங்கர் எக்ஸ்எம்8500 போதும், ஷ்யூர் எஸ்எம்58 நல்லதுதான், ஆனா இந்த பட்ஜெட்டுல ரெண்டு வராது), எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூணு பின் மைக் கேபிள்) 5 மீட்டர்ல ரெண்டு. கண்டென்சர் மைக் வேண்டாம். கண்ணாடி ஜன்னல்ல பட்டுத் திரும்புற சத்தம், தகரத்துல விழுற மழை, எல்லாத்தையும் அது அள்ளிக் கொண்டு வரும்.

பாட்டை டிவியில ஓட்டி, டிவியோட ஹெட்போன் அவுட்லேர்ந்து மிக்ஸரோட ஸ்டீரியோ சேனலுக்கு எடுங்க. போன்லேர்ந்து படத்தை மட்டும் டிவிக்கு அனுப்பி, சத்தத்தை போன்ல எடுத்தா பாட்டு ஒரு வரியிலயும் எழுத்து ஒரு வரியிலயும் ஓடும். மிக்ஸர் மெயின் அவுட்டை சவுண்ட்பாரோட ஆக்ஸுக்குக் கொடுங்க. இங்க ஒரு பொறி இருக்கு: சில சவுண்ட்பார் ஆக்ஸ்ல கொடுத்தாலும் உள்ளே புராசஸ் பண்ணித்தான் வெளிய விடும். மைக்கை விரலால லேசா தட்டிப் பாருங்க. தட்டு தனியா, ஸ்பீக்கர் சத்தம் தனியா, ரெண்டா கேட்டா முதல்ல சரவுண்ட் மோடை அணைச்சுப் பாருங்க. அப்பவும் ரெண்டா கேட்டா அந்த பார் பாட்டு கேக்கத்தான் லாயக்கு. 8 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது) ஒண்ணை அடுத்த ரவுண்டுல வாங்குங்க.

லெவல் வைக்கிற முறை: எல்லா வால்யூமையும் இறக்கிட்டு, அவங்க பாடுறதுலயே சத்தமான வரியைப் பாடச் சொல்லுங்க. பீக் லைட் (சத்தம் எல்லையைத் தொட்டா எரியுற விளக்கு) எப்பவாவது ஒரு தரம் மினுக்குற அளவுக்கு கெயின் (மைக் சத்தம் உள்ளே வர்ற அளவு) ஏத்துங்க. அடி இரைச்சலை வெட்டுற 80 ஹெர்ட்ஸ் லோ கட் பட்டனை அமுக்கிடுங்க. அப்புறம் குரலை மட்டும் கேக்குற அளவு ஏத்தி, கடைசியா பாட்டைக் கொண்டு வாங்க. பலரும் பாட்டை முதல்ல முழுசா ஏத்திட்டு, குரலை அதுக்கு மேல தூக்கப் பார்ப்பாங்க. கூவுறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மீதிக் காரணம் நிக்கிற இடமும் பிடிக்கிற கையும். ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னால, மைக்கோட வால் பக்கம் ஸ்பீக்கரைப் பார்த்து இருக்கணும். தலைக் கூண்டைக் கையால மூடிப் பிடிக்காதீங்க. பின்பக்க ஓட்டை அடைபட்டா அது எல்லாத் திசையிலயும் கேக்க ஆரம்பிச்சு உடனே கூவும். வாய்க்கும் மைக்குக்கும் ரெண்டு விரல் இடைவெளி. மேல் ஸ்தாயிக்கு மட்டும் கொஞ்சம் விலக்குங்க. கண்ணாடிக்கு கனமான திரை, தரைக்கு ஜமக்காளமோ பழைய கம்பளியோ போட்டா காசில்லாமலே நல்ல வித்தியாசம் தெரியும்.

எக்கோ பாட்டுக்குப் போகக்கூடாது, குரலுக்கு மட்டும். டிலே நேரம் (எக்கோ திரும்பி வர்ற நேரம்) வைக்க வசதி இருந்தா 30,000ஐ பாட்டோட பிபிஎம்மால (நிமிஷத்துக்கு எத்தனை தாளத் தட்டுங்கிற எண்) வகுத்துக்குங்க: 100 பிபிஎம்னா 300 மில்லி செகண்ட். தாளத்துல விழுற எக்கோ உறுத்தாது. எக்கோ கூடக் கூட கூவலும் சீக்கிரம் வரும், அதையும் ஞாபகம் வைங்க.

டிராலிதான்_பெஸ்ட்:
இவ்வளவு எதுக்குங்க? ரெண்டு வயர்லெஸ் மைக்கோட டிராலி ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கினா, கரண்ட் போனாலும் பாட்டரியில ஓடும். நம்ம ஊர்ல மழைக்காலத்துக்கு அதுதான் சரி.

குன்னூர்_மிக்ஸர்:
பாட்டரி விஷயம் ஒத்துக்கிறேன். வீட்டு முற்றத்துல, பிறந்த நாள்ல, பத்துப் பேர் மாத்தி மாத்திப் பாட டிராலி நல்லதுதான். வாங்கினா மைக் யுஹெச்எஃப் அலைவரிசையான்னு பார்த்து வாங்குங்க. விலை குறைஞ்ச விஹெச்எஃப் மைக் ஒரே அலைவரிசையில பூட்டியே வரும். பக்கத்து வீட்டுலயும் அதே மாடல் இருந்தா அவங்க பாட்டு உங்க வீட்டுல கேக்கும். உள்ளே லெட் ஆசிட் பாட்டரின்னா மாசக்கணக்கா சார்ஜ் இல்லாம மூலையில போட்டா செத்துடும். ஆனா இவர் கேக்குறது ஒரே சுவர் வீட்டுக்கு. டிராலியோட பேஸ் தரை வழியா அடுத்த வீட்டுக்குத்தான் முதல்ல போய்ச் சேரும்.

சுதி_சேரலையே:
வீட்டம்மா சரணத்துல மாட்டிக்கிறது குரல் குறை இல்ல அண்ணா, கட்டை (சுதியோட உயரம்). ஆண்கள் பெரும்பாலும் 1, 1½ கட்டைப் பக்கம், பெண்கள் 5, 5½ பக்கம். ஆண் பாட்டை அதே சுதியில பெண் பாடினா ஒண்ணு அடியில போய் முனகும், இல்ல ஒரு ஸ்தாயி மேல போய்க் கத்தும்.

பிட்ச் (சுதி) மாத்துற ஆப்ல ஒரு படி ஒரு செமிடோன் (அரை சுரம்). பெண் ஆண் பாட்டைப் பாட –4ல ஆரம்பிங்க, ஆண் பெண் பாட்டைப் பாட +4ல. அப்புறம் ஒரு படி இப்படி, ஒரு படி அப்படி. பல்லவியில சோதிக்காதீங்க. நம்ம சினிமாப் பாட்டுல உச்சம் பெரும்பாலும் சரணத்தோட ரெண்டாவது, மூணாவது வரியிலதான். அந்த வரி தொண்டையை இறுக்காம வந்துச்சுன்னா அதுதான் சுதி. அதே சுதியில பல்லவியோட கீழ் வரியும் கேக்குதான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.

கட்டைக் கணக்குல ஒரு இடம் கவனம். 1ன்னா சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. மத்த இடத்துல ஒரு கட்டைக்கு ரெண்டு படி. 3லேர்ந்து 4க்கு மட்டும் ஒரே படி, 7லேர்ந்து மேல் 1க்கும் அப்படித்தான். மூணரைக் கட்டைன்னு ஒண்ணு கிடையாது. ஹார்மோனியத்துல பார்த்தா இ, எஃப் ரெண்டுக்கும் நடுவுல கறுப்புக் கட்டை இருக்காது.

5 படிக்கு மேல மாத்தினா தபேலாவும் டிரம்ஸும் டப்பா மாதிரி ஆயிடும். அப்ப வேற சுதியில செஞ்ச டிராக்கைத் தேடுறதுதான் வழி. யூடியூப்ல வேகத்தைக் குறைச்சா சுதி இறங்காது, வேகம் மட்டும்தான் குறையும், அதை நம்பாதீங்க.

பாடுறதுக்கு முன்னால டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம்! வர்க்கித் தூள் தொண்டையில ஒட்டினா ரெண்டு பாட்டு காலி. வெதுவெதுன்னு வெந்நீர் போதும்.

பொறங்காட்டான்:
படக பாட்டுக்கு டிராக் நாமளேதான் செஞ்சுக்கணும். அல்டிமேட் வோக்கல் ரிமூவர்னு இலவச மென்பொருள் இருக்கு, கம்ப்யூட்டர்ல போடுங்க. அதுக்குள்ள டெமக்ஸ் மாடலைத் தேர்ந்தெடுத்தா குரல், டிரம்ஸ், பேஸ், மத்தது என்று நாலாப் பிரிச்சுத் தரும். குரலை விட்டுட்டு மீதி மூணையும் சேர்த்தா டிராக் ரெடி. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல நேரம் எடுக்கும், ஓட விட்டுட்டு வேற வேலை பாருங்க.

பழைய முறை, அதாவது இடதுலேர்ந்து வலதைக் கழிக்கிறது, பழைய கேசட் பாட்டுக்கு உதவாது. பல கேசட் பதிவு மோனோ. ரெண்டு பக்கமும் ஒண்ணேதான், கழிச்சா பாட்டே காணாம போயிடும். கேசட்லேர்ந்து ஏத்துறப்ப எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலா 44.1 கிலோஹெர்ட்ஸ்ல எடுங்க. இரைச்சலை முதல்ல நீக்காதீங்க. பிரிச்ச பிறகு மீதி டிராக்ல மட்டும் லேசா நீக்குங்க. முதல்லயே அழுத்தி நீக்கினா குரலைப் பிரிக்கிறப்ப தண்ணிக்குள்ள பேசுற மாதிரி சத்தம் மிஞ்சும்.

கோரஸ் குரல் முழுசாப் போகாது. நம்ம ஆட்டப் பாட்டுல கூட்டமாப் பாடுற வரி நிறைய, அதைக் கொஞ்சம் மிச்சம் விட்டாலே நல்லா இருக்கும். கூடப் பாட ஆள் இருக்கிற மாதிரி கேக்கும். எழுத்து ஓடுற வீடியோ வேணும்னா ஏஜிசப்ங்கிற சப்டைட்டில் மென்பொருள்ல வரிக்கு வரி நேரம் குறிச்சு எடுத்துக்கலாம். வரி, பாடுறதுக்கு ஒரு செகண்ட் முன்னால திரையில வந்துடணும். சரியா அந்த நேரத்துல வந்தா படிக்கிறதுக்குள்ள தாளம் போயிடும்.

கேத்தி_பனி:
சத்தம் பத்தி யாரும் சொல்லலையே. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்கு அளவு காலை 6லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் 55 டெசிபல், ராத்திரிக்கு 45. சொந்த வீட்டு சவுண்ட் சிஸ்டம் உங்க எல்லையில அதைவிட 5 டெசிபலுக்கு மேல கூடக்கூடாது. வாசல் கேட் பக்கத்துல நின்னு போன்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் வச்சுப் பாருங்க. துல்லியம் இருக்காது, ஆனா தோராயமா தெரியும்.

பனிக்காலத்துல இன்னொண்ணு. சாயங்காலம் குளிர் காத்து பள்ளத்துல தேங்கி, மேல சூடான காத்து நிக்கும். அப்ப மேல போற சத்தம் கீழ வளைஞ்சு ரொம்ப தூரம் போகும். மத்தியானம் பக்கத்து வீட்டுக்கே கேக்காத பாட்டு, ராத்திரி எட்டு மணிக்கு எதிர்ச் சரிவுல தெளிவாக் கேக்கும். ஜன்னலைச் சாத்திட்டுப் பாடுங்க. ஸ்பீக்கரைப் பொதுச் சுவர்ல ஒட்டி வைக்காதீங்க, மூலையிலயும் வேண்டாம், பேஸ் கூடும். அடியில மடிச்ச கம்பளி வைங்க.

ஈரம் மைக்கைத் தின்னுடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில மழை நல்லாவே இருக்கும். கூண்டுக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்சு பூஞ்சை பிடிச்சு நாறும். கூண்டைத் திருகிக் கழட்டி, ஸ்பாஞ்சோட வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில அலசி, முழுசாக் காஞ்ச பிறகு மாட்டுங்க. மைக் உடம்புல தண்ணி படவே கூடாது. டப்பாவுல ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைங்க. குளிர்ல கிடந்த மைக்கை ஆள் நிறைஞ்ச சூடான அறைக்குக் கொண்டு வந்தா, பைக்குள்ளயே அரை மணி நேரம் விட்டுட்டு எடுங்க, இல்லாட்டி உள்ளே முத்து முத்தா வேர்க்கும்.

கரண்ட் போய் வர்றப்ப ஸ்பீக்கர்ல ‘டப்’புனு அடிக்கும். போடுறப்ப மிக்ஸர் முதல்ல, ஸ்பீக்கர் கடைசி. அணைக்கிறப்ப ஸ்பீக்கர் முதல்ல. கரண்ட் போனதுமே ஸ்பீக்கர் சுவிட்சை அணைச்சுடுங்க.

கொடை_சனிக்கிழமை:
வெளிய பாடப் போறதுக்கு: ஒரு பாட்டு நாலரை, அஞ்சு நிமிஷம், ஆள் மாற ஒரு நிமிஷம், ஆக மணிக்குப் பத்துப் பாட்டுதான். இருபது பேர் பெயர் கொடுத்திருந்தா ரெண்டு மணி நேரத்துல ஒரு வாய்ப்பு. அதனால போனதுமே சீட்டு எழுதிக் கொடுங்க. சீட்டுல பாட்டுப் பெயரோட எந்தப் படம், எத்தனை படி ஏத்தணும் இறக்கணும், டூயட்னா எந்தக் குரல் டிராக்ல இருக்கணும், எல்லாம் எழுதுங்க. ஆபரேட்டர் மேடையில கேட்டுக்கிட்டு நிக்க மாட்டார். அவர் லிஸ்ட்ல இல்லாட்டி எதுக்கும் இருக்கட்டும்னு டிராக்கைப் பென் டிரைவ்ல, சுதி மாத்தினதையே எடுத்துட்டுப் போங்க. இன்டர்லூட் (நடுவுல வர்ற வாத்திய இசை) ஒரு நிமிஷம் ஓடுற பாட்டைத் தேர்ந்தெடுத்தா, அந்த நேரம் கையில மைக்கோட என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கணும். புதுசாப் பாடுறவங்க அதைத் தவிர்க்கலாம்.

ஊட்டி 2,240 மீட்டர். சமவெளியிலேர்ந்து அன்னைக்கே ஏறி வந்த விருந்தாளியை முதல்லயே மூச்சுப் பிடிக்கிற பாட்டைப் பாட வைக்காதீங்க. நீள நீள வரியில திணறுவாங்க. குத்துப் பாட்டுல ஆரம்பிச்சா வரி குட்டி, மூச்சும் பழகிடும்.

கேம்ப் ஃபயர் கரோக்கேன்னு மசினகுடிப் பக்கம் யாராவது கூப்பிட்டா ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போகாதீங்க, அது புலிகள் காப்பகத்து ஓரம். கோத்தகிரியிலயே ராத்திரி பாடி முடிச்சு வெளிய வர்றப்ப டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு இறங்குங்க, காட்டெருமை வாசல் கேட் பக்கத்துலயே நிக்கும்.

கோத்தகிரி_கானம்:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சின்னச் சந்தேகம். டிவியில ஹெட்போன் ஓட்டை இல்ல, ஆப்டிகல் மட்டும்தான். அப்புறம், கடையில ஈபி பின் (போன்ல செருகுற 3.5 மி.மீ. பின்) டு எக்ஸ்எல்ஆர்னு ஒரே கேபிள் கொடுத்தாங்க. போன்லேர்ந்து மைக் சேனல்ல போட்டுப் பார்த்தேன். தாளம் கேக்குது, பாடகர் குரல் மட்டும் ஏதோ கிணத்துக்குள்ள போன மாதிரி. போன் கோளாறா?

குன்னூர்_மிக்ஸர்:
போன்ல ஒண்ணும் இல்ல. அந்தக் கேபிள் இடது, வலது ரெண்டையும் ஒரே பேலன்ஸ்டு இன்புட்டுக்குக் கொண்டு போகுது. மைக் இன்புட் ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிக்கும். நடுவுல இருக்கிற குரலும் பேஸும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கிறதால அடிபட்டுப் போகுது. திருப்பிக் கொடுத்துட்டு, ஈபி ஸ்டீரியோ டு ரெண்டு பி38 (மிக்ஸர்ல செருகுற பெரிய கால் இன்ச் பின்) மோனோன்னு கேட்டு வாங்குங்க. ஸ்டீரியோ சேனலோட எல், ஆர் ரெண்டுலயும் செருகுங்க.

ஆப்டிகலுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் டப்பா போதும். அதுல ஆர்சிஏ பின்தான் வரும், அப்ப ஆர்சிஏ டு பி38 கேபிள். டிவி செட்டிங்ல ஆடியோ அவுட்டை பிசிஎம்னு மாத்துங்க. ஆட்டோ, டால்பி என்று விட்டா டப்பாவுல சத்தமே வராம போகலாம். எல்லாம் மாட்டினதும் ‘ம்ம்ம்’னு இரைச்சல் வந்தா, லேப்டாப் மாட்டியிருந்தா அதோட சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா அது கிரவுண்ட் லூப் (எர்த் வழி சுத்தி வர்ற இரைச்சல்); ஆடியோ லைன்ல ஒரு ஐசொலேட்டர் போடுங்க. எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைச்சு விட்டுடாதீங்க, ஈரத் தரையில மைக்கைப் பிடிச்சு நிக்கப் போறீங்க.