எனக்குக் கட்டின வீடு, “மாப்பிள்ளை வந்தாத்தான் திறக்கணும்” – உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

களுவாஞ்சிகுடி டீச்சர்:
எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில பொம்பிளைப் பிள்ளை பிறந்தா அப்பாமார் வளவுக்குள்ள வீடு கட்டத் தொடங்கிருவாங்க எண்டது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. எனக்கும் கட்டினவர். கலியாணம் சரிவரல்ல. முதல்ல சாதகம் எண்டாங்க, மறுகா நிறம் எண்டாங்க. “பிள்ளை கொஞ்சம் கறுப்பு” எண்டு தரகர் என்ட முகத்தைப் பார்த்தே சொன்னவர். மறுகா வயசு. கடைசியில எனக்கே அந்த விருப்பம் விட்டுப்போச்சு. படிப்பிக்கிறன், பிள்ளையள் என்னில உசிரு, நிம்மதியாத்தான் இரிக்கன். ஆனா வீடு பூட்டு. கதவுக்குப் பெயின்ட் அடிச்சது நான், கரண்ட் பில் கட்டுறது நான், படுக்கிறது அம்மாட வீட்டுப் பின்னறையில.

போன பொங்கலுக்கு முதல் நாள் சாவியைக் கேட்டன். அம்மா அழுதா. அப்பா ஒண்டும் பேசல்ல. எழும்பிப் போய்த் தேங்காயெண்ணைப் போத்திலை எடுத்துவந்து, துருப்பிடிச்ச பூட்டுக்குள்ள சொட்டுச் சொட்டா விட்டார். பூட்டு இளகிற சத்தம் கேட்டதும் வேலிக்கு அங்கால இரிந்து பெரியம்மா, “ஆருக்கு மனே கதவு திறக்காய்?” எண்டா.

“எனக்கு” எண்டன்.

பால் காய்ச்சினன், பொங்கினன், அங்கதான் இரிக்கன். பெரியம்மா இன்னும் வாசற்படி மிதிக்கல்ல. நான் சொன்னதில என்ன பிழை எண்டு நினைச்சு நினைச்சுப் பார்க்கன். ஒரு பிழையும் தெரியல்ல.

வாழைச்சேனை அக்கா:
டீச்சர், உங்களுக்கு அப்பா கட்டித் தந்தார். என்ட அப்பா கடலுக்குப் போறவர், அவரால ஏலல்ல. என்ட வீட்டை நானே குவைத்தில இரிந்து கட்டினன். ரெண்டாந்தரம் போகக்குள்ளதான் அந்தக் குடும்பப் பின்னணி அறிக்கை வந்திட்டு. வெளிநாட்டு வேலைக்குப் போற பொம்பிளையளுக்கெண்டு அரசாங்கம் 2013 இல கொண்டுவந்தது. அப்ப அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இரிந்தா தாய் வீட்டு வேலைக்குப் போகேலாது, புருசன்ட சம்மதமும் வேணும் எண்டிரிந்திச்சு. கடைசிப் பிள்ளைக்கு அஞ்சு முடியுமட்டும் கடனோட நிண்டன்.

கந்தோரில என்ட பைலைத் திறந்து வைச்சவர் என்னைப் பார்க்கல்ல. எனக்குப் பின்னால கதிரையில சரிஞ்சு இரிந்த மனிசனைப் பார்த்து, “உங்களுக்குச் சம்மதமா?” எண்டார். அந்தாள் காலமையே குடிச்சிரிந்தார். கை நடுங்கி, கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போச்சு. அதையும் சரியெண்டு எடுத்துக்கொண்டாங்க. ஒரு நாளும் பிள்ளைக்குப் பால்மா வாங்காத கை அது. முந்தி அவர் கட்டாருக்குப் போகக்குள்ள என்ட சம்மதத்தை ஆரும் கேக்கல்ல.

திரும்பி வந்தா ஊருக்குள்ள “வெளிநாட்டுக்காரி” எண்ட பேரும் பார்வையும். நான் அந்தக் காசிலதான் மூண்டு பிள்ளையளையும் ஆளாக்கினன். எனக்கு வெக்கமில்ல.

ஓய்வுபெற்ற கிளாக்கர், அம்பாறை:
சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆண் ஒருவன் இடையில் எழுதுகிறேன். என் கதை சிறியது. அப்பாவுக்குக் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயல், பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் எழுதாமலே காலமாகிவிட்டார். மூத்தவ அக்கா, அந்த வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவ. காணி எனக்கு வந்தது. அக்கா கந்தோர் வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி, “பரவாயில்ல தம்பி” என்று சொன்ன முகம் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், பேப்பர்களைப் பாருங்கள். அது 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பெயர் குறிக்காமல் இறந்தால் மூன்றாம் அட்டவணைப்படி மகன்மார் முதல், மகள்மார் அதற்குப் பிறகு. 2022 இல் திருத்தி அந்த ஆண்-பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் பதிந்தவை பதிந்தபடி கிடக்கும். தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குக் கூட்டிப்போய்ப் பின்னுரித்தைப் பதிவியுங்கள்.

உறுதிக் காணி, அதாவது பத்திரம் எழுதிய சொந்தக் காணி, வேறு விசயம். கணவன் கையெழுத்து இல்லாமல் மனைவி காணி விற்க முடியாது என்பது தேசவழமை, அது வடக்காருக்கு. நமக்கு முன்பு முக்குவச் சட்டம் இருந்தது, 1876 கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்து பொதுச் சட்டம் வந்தது. 1923 விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு, தன் பேரில் உள்ள வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ மட்டக்களப்புப் பெண்ணுக்குக் கணவன் கையெழுத்துத் தேவையில்லை. யாராவது கேட்டால், எந்தச் சட்டத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். உறுதியின் மூலப் பிரதியை வீட்டில் வைக்காமல் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து பாருங்கள். வரி ரசீதும் உங்கள் பேரிலேயே எடுக்க வேண்டும்.

சாய்ந்தமருது தாத்தா (முஸ்லிம் வழக்கில அக்கா):
ஐயா, நல்ல விசயம்தான். ஆனா டீச்சர் உறுதியைப் பத்திக் கேக்கல்ல. உறுதி இரிந்தாலும் நடக்கிறது நடக்கும், கேளுங்க.

நான் ஒலுவில் கெம்பசில, பல்கலைக்கழகத்தில, பட்டம் முடிச்சவள். கல்யாணத்துக்கு முதல் கிழமை உம்மா ஊட்டை என்ட பேருக்கு எழுதினா. உறுதி எழுதுற நொத்தாரிசுக்கு முன்னால இரிந்து, ஏத்துக்கொண்டன் எண்டு நானே கையெழுத்துப் போட்டன். அடுத்த கிழமை காவின், நிக்காஹ். நான் உள்ளறையில, பட்டுச் சாரியோட, பேனையும் கைப்பையில இரிந்திச்சு. பந்தலுக்குள்ள மாப்பிள்ளை கையெழுத்து, எனக்கு வலீயா, பொறுப்பாளரா, வாப்பாட கையெழுத்து, சாட்சிமார்ர கையெழுத்து. பெரிய புத்தகத்தை மூடுற சத்தம் எனக்குக் கேட்டிச்சு. சின்னம்மா ஓடிவந்து, “முடிஞ்சிட்டு புள்ள!” எண்டா.

1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில மணப்பொண்ணு கையெழுத்துப் போட இடமில்ல. என்ட மனிசன் நல்லவர், அவரில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஊட்டுக்கு என்ட கையெழுத்து வேணும், என்ட வாழ்க்கைக்கு வேணாமா? இதைக் கேக்கிற பொம்பிளையளை மார்க்கத்துக்கு எதிரானவள் எண்டு பேசுறாங்க. நான் அஞ்சு நேரமும் தொழுதுகொண்டுதான் கேக்கன்.

பழுகாமம் பெரியம்மா:
இதெல்லாம் வாசிக்கக் கவலையாத்தான் இரிக்கு. ஆனா நம்மட ஊரை இப்படிக் குறைச்சுப் பேசாதீங்க. வேற இடங்களில பொம்பிளை புருசன் வீட்டுக்குப் போய் மாமிக்குப் பயந்து இரிக்கணும். இங்க மாப்பிள்ளைதான் நம்மட வளவுக்கு வாறார். குடி, அதுதான் வம்சம், தாயாலதான் வாறது, கோயிலில போய்க் கேட்டுப் பாருங்க. வைகாசியில கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுறம். பொம்பிளையை இதுக்கு மேல எப்படி மதிக்கிற? டீச்சர், உங்கட பெரியம்மா கோவத்தில இரிப்பா, நீங்களே போய்க் கூப்பிட்டா வருவா.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒருத்தி:
பெரியம்மா, உங்களோட சண்டைக்கு வரல்ல. கண்ணகையும் புருசனைப் பறிகொடுத்தவதான். அவவுக்கு மடை வைக்கிற அதே ஊரில எனக்கு நடந்ததைச் சொல்லுறன்.

என்ட மனிசன் போரில போயிட்டார். மகளை நான்தான் வளர்த்தன். அவட சாமத்தியச் சடங்குக்கு அரிசி மா இடிச்சது நான், பலகாரம் சுட்டது நான், பந்தல் காசு கட்டினது நான். தண்ணி வார்க்க நேரமானதும் பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளா வெளிக்கிட்டன். மச்சாள் வந்து என்ட முழங்கையைப் பிடிச்சா. இறுக்கிப் பிடிக்கல்ல, மெதுவாத்தான். “நீங்க உள்ள இரிங்க மச்சாள்” எண்டு சொல்லிக்கொண்டே தட்டை வாங்கிட்டா. அதில ரெண்டு செவ்வரத்தம்பூ என்ட கால்ல விழுந்திச்சு.

மகள் பலகையில குந்தி இரிந்தவள் கிறுகிப் பார்த்து, “அம்மா வராட்டி எனக்குத் தண்ணி வார்க்க வேணாம்” எண்டாள். சபை முழுக்கக் கேட்டிச்சு. நான் போனன். முதல் தண்ணி நான்தான் ஊத்தினன். இப்ப பொட்டும் வைக்கன், கலர்ச் சாரியும் உடுக்கன். மச்சாளும் நானும் பேசுறதுதான், ஆனா அந்த முழங்கைப் பிடி மறக்கல்ல.

குடி தாயால வாறது எண்டா, அந்தத் தாய்க்குப் புருசன் செத்ததும் தட்டைப் பிடுங்குறது என்ன முறை?

நாவலடி மகள்:
நான் கிளாக்கர் ஐயாட்டக் கேக்கணும். நாவலடியில எங்கட வீடு அம்மாட சீதனம், அம்மம்மா குடுத்தது. 2004 டிசம்பர் 26 இல கடல் கொண்டுபோச்சு, உறுதியும் போச்சு. திராய்மடுவில வீடு தந்தாங்க. படிவத்தில “குடும்பத் தலைவர்” எண்ட இடத்தில அப்பாட பேர். அம்மா பக்கத்திலதான் நிண்டா. “அது என்ட வீட்டுக்குப் பதிலாத் தாறதுதானே?” எண்டு கேட்டா. “ஆம்பிளை உசிரோட இரிக்கக்குள்ள ஏன்மா?” எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

அப்பாவுக்கு அதில விருப்பமில்ல, இப்பவும் அம்மாட வீடு எண்டுதான் சொல்லுவார். ஆனா இப்ப அண்ணா தனக்கு வேணும் எண்டு நிக்கார். அப்பா உசிரோட இரிக்கக்குள்ளயே அம்மாட பேருக்கு மாத்த ஏலுமா? காணிக் கிளைக்குப் போறதா, நொத்தாரிசிட்டப் போறதா? என்னென்ன பேப்பர் கொண்டுபோகணும் எண்டு எழுதுங்க ஐயா. அம்மாவைத் திங்கக்கிழமை கூட்டிப் போகப்போறன்.